வயிற்றில் ஒரு ஜன்னல்

1822 ஜூன் 6. அமெரிக்காவின் வடக்கு எல்லையில், ஹூரான் ஏரியும் மிச்சிகன் ஏரியும் சந்திக்கிற இடத்தில் மேக்கினாக் என்று ஒரு சின்னத் தீவு. அங்கே எல்லாமே தோல் வியாபாரம்தான். குளிர்காலம் முழுக்கக் காட்டுக்குள் பொறி வைத்துப் பிடித்த பீவர்களின் தோலைக் கோடையில் படகுகளில் கொண்டுவந்து இறக்குவார்கள். அன்று காலை அமெரிக்கன் ஃபர் கம்பெனியின் கடைக்குள் கூட்டம். யார் கையிலோ இருந்த துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. மூன்றடி தூரத்தில் நின்றிருந்த அலெக்ஸி சேன் மார்ட்டின் என்ற கனடிய பிரெஞ்சு இளைஞன் சுருண்டு விழுந்தான். படகோட்டும் கூலி. எழுதப் படிக்கத் தெரியாது.

கோட்டையிலிருந்து ராணுவ மருத்துவர் வில்லியம் போமாண்ட் ஓடி வந்தார். வயது 36. மருத்துவக் கல்லூரி வாசலை மிதிக்காதவர். இன்னொரு மருத்துவரிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றவர். இடது மார்புக்குக் கீழே உள்ளங்கை அளவுக்குக் காயம். விலா எலும்புகள் நொறுங்கி, நுரையீரலின் ஒரு பகுதியும் இரைப்பையின் ஒரு பகுதியும் வெளியே வந்திருந்தன. இரைப்பையில் விழுந்த ஓட்டை வழியாக அவன் காலையில் சாப்பிட்டது வழிந்துகொண்டிருந்தது. ஆள் 36 மணி நேரம்கூடத் தாங்கமாட்டான் என்று போமாண்ட் நினைத்தார்.

தாங்கினான். முதல் 17 நாள் தின்றதெல்லாம் ஓட்டை வழியே வெளியே வந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக உணவு உள்ளே தங்க ஆரம்பித்தது. காயம் ஆறியபோது ஒரு விசித்திரம் நடந்தது: ஓட்டை மூடவில்லை. இரைப்பையின் விளிம்பு தோலோடு ஒட்டி வளர்ந்துவிட்டது. பிறகு உள்ளிருந்து சதை மடிப்பொன்று வளர்ந்து கதவு மாதிரி அதை அடைத்துக்கொண்டது. விரலால் அந்த மடிப்பைத் தள்ளினால் போதும், உயிரோடு இருக்கிற ஒரு மனிதனின் இரைப்பைக்குள் எட்டிப் பார்க்கலாம்.

அதுவரை அப்படிப் பார்த்தவர்கள் உலகத்தில் அநேகமாக யாருமில்லை.

*

சாப்பிட்ட சோறு உள்ளே போய் என்ன ஆகிறது? இன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகூடப் பதில் சொல்லும். ஆனால் மனித வரலாற்றில் ரொம்ப காலத்துக்கு இது இருட்டு அறைக்குள் நடந்த காரியம். நம் ஊரில் அதற்குத் தீ என்று பெயர் வைத்தோம். பசித்தீ, சடராக்கினி, வயிறு எரிகிறது. எல்லாம் ஒரே அடுப்பிலிருந்து வந்த சொற்கள். மணிமேகலையில் வரும் காயசண்டிகைக்கு யானைத்தீ என்றொரு நோய். எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி. முனிவர் ஒருவர் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உண்பதற்காக வைத்திருந்த நாவல் கனியைக் காலால் மிதித்துவிட்டாள், அவர் சபித்தார், அதனால் பன்னிரண்டு ஆண்டுப் பசி. இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது தீ அல்ல, சாபம். வயிற்றில் நோய் வந்திருக்கிறது என்றால் நீ ஏதோ தப்புப் பண்ணியிருக்கிறாய். இந்த எண்ணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுக்க அது நம் கூடவே வரும்.

ஐரோப்பாவிலும் குழப்பம்தான். இரைப்பை ஓர் அடுப்பு என்றார்கள் சிலர், ஆட்டுக்கல் என்றார்கள் சிலர், உணவு உள்ளே புளித்து அழுகுகிறது என்றார்கள் வேறு சிலர். 1752-ல் ரேமூர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி ஒரு வழி கண்டுபிடித்தார். ஜீரணிக்க முடியாததைக் கக்கிவிடும் வழக்கம் பருந்துக்கு உண்டு. சிறிய உலோகக் குழாய்க்குள் இறைச்சியை வைத்து, இரு முனைகளையும் சல்லடை போல அடைத்து, தான் வளர்த்த பருந்தை விழுங்க வைத்தார். பருந்து கக்கிய குழாய்க்குள் இறைச்சி பாதி கரைந்திருந்தது. குழாய் நசுங்கவில்லை, ஆகவே அது அரைபடவில்லை. நாற்றமில்லை, ஆகவே அழுகவில்லை. ஏதோ ஒரு திரவம் கரைத்திருக்கிறது. அடுத்து வந்த இத்தாலியப் பாதிரியார் ஸ்பல்லன்சானி ஒருபடி மேலே போய், துணிப் பைகளில் உணவைக் கட்டித் தானே விழுங்கி, அவை வெளியே வந்ததும் எடுத்து ஆராய்ந்தார். அருவருப்பாக இருக்கிறதா? அறிவியலில் பாதி இப்படித்தான் நடந்திருக்கிறது.

ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. போமாண்டின் கையில் கிடைத்தது குழாயோ பையோ அல்ல. ஒரு ஜன்னல்.

*

கூலிக்காரனைப் பராமரிக்க அந்த ஊர் நிர்வாகம் தயாராக இல்லை. சொந்த ஊருக்கே படகில் ஏற்றி அனுப்பிவிடலாம் என்றார்கள். அனுப்பினால் வழியிலேயே செத்துவிடுவான் என்று போமாண்ட் 1823-ல் அவனைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். கருணைதான், சந்தேகமில்லை. கொஞ்ச நாளில் அலெக்ஸி அந்த வீட்டில் விறகு வெட்டினான், சுமை தூக்கினான். எஜமானருக்கு வேலைக்காரன் ஆனான். அடுத்து சோதனைக்கூடமும் ஆனான்.

1825 ஆகஸ்ட் 1, நண்பகல். ஒரு பட்டு நூலில் ஆறு துண்டுகளைக் கட்டினார் போமாண்ட்: மசாலா சேர்த்துச் சமைத்த மாட்டிறைச்சி, உப்பிட்ட பச்சைப் பன்றிக் கொழுப்பு, உப்பிட்ட பச்சை மாட்டிறைச்சி, வேகவைத்த மாட்டிறைச்சி, காய்ந்த ரொட்டி, நறுக்கிய முட்டைக்கோஸ். தூண்டில் போடுவது போல ஓட்டை வழியாக உள்ளே விட்டார். ஒரு மணி நேரம் கழித்து இழுத்துப் பார்த்தால் முட்டைக்கோசும் ரொட்டியும் பாதி கரைந்திருந்தன, இறைச்சி அப்படியே இருந்தது. மறுபடி உள்ளே. இரண்டு மணிக்கு முட்டைக்கோஸ், ரொட்டி, பன்றிக் கொழுப்பு, வெந்த இறைச்சி நான்கும் நூலில் இல்லை. மூன்று மணிக்கு அலெக்ஸிக்கு நெஞ்சில் வலி. மாலையில் தலைவலி, சோர்வு. அது தீராமல் போகவே போமாண்ட் மாத்திரைகளையும் அந்த ஓட்டை வழியாகவே போட்டார்.

அடுத்த சில வருடங்களில் இப்படி இருநூறுக்கும் மேற்பட்ட சோதனைகள். இரைப்பை நீரை ரப்பர் குழாயில் வடித்தெடுத்து, சீசாவில் இறைச்சியோடு சேர்த்து, உடம்புச் சூட்டில் வைத்தார். சூட்டுக்காகச் சில சமயம் சீசாவை அலெக்ஸியே அக்குளில் இடுக்கிக்கொண்டு திரிந்தான். உடம்புக்கு வெளியிலும் இறைச்சி கரைந்தது. நேரம் கூடுதல் பிடித்தது, அவ்வளவுதான். ஆக ஜீரணம் என்பது வேதிவினை, உயிரின் மந்திரமல்ல. வெறும் வயிற்றில் அமிலம் இருக்கிறதா என்று பார்க்க போமாண்ட் இரைப்பையின் உள்சுவரை நாக்கால் தொட்டுப் பார்த்தார். புளிப்பில்லை. உணவு பட்டால்தான் நீர் சுரக்கிறது என்று எழுதினார். கோபம் வந்தால் ஜீரணம் கெடுகிறது என்பதையும் கண்ணால் பார்த்தார். அந்தக் கோபத்துக்குக் காரணம் யார் என்பதுதான் எனக்கு எழும் கேள்வி. நூலும் குழாயும் கையுமாக நாள் முழுக்க ஒருவர் பக்கத்திலேயே நின்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

அதே 1825-ல் அலெக்ஸி சொல்லாமல் கொள்ளாமல் கனடாவுக்குப் போய்விட்டான். கல்யாணம் பண்ணிக்கொண்டான், குழந்தைகள் பிறந்தன. ஓட்டை வயிற்றோடு மறுபடியும் படகில் கூலி வேலை. போமாண்ட் தோல் கம்பெனி ஆட்கள் மூலம் அவனைத் தேடிப்பிடித்து, 1829-ல் குடும்பத்தோடு வரவழைத்தார். 1832-ல் முறையான ஒப்பந்தமே எழுதப்பட்டது. ஒரு வருடத்துக்குச் சோறு, தங்குமிடம், 150 டாலர். பதிலுக்கு மருத்துவர் செய்யும் சோதனைகளுக்கு அவன் உடன்பட வேண்டும். கையெழுத்துக்குப் பதிலாக அலெக்ஸி கீறிய பெருக்கல் குறி.

1833-ல் போமாண்டின் புத்தகம் வந்தது. இரைப்பை நீர் பற்றிய 238 சோதனைகள், 51 முடிவுகள். நவீன ஜீரண அறிவியலுக்கு அதுதான் அடித்தளம். அடுத்த வருடம் ஊருக்குப் போன அலெக்ஸி திரும்பவில்லை. போமாண்ட் கடிதம் மேல் கடிதம் எழுதினார், பணத்தைக் கூட்டிக் காட்டினார், பலிக்கவில்லை. 1853-ல் பனிப்படியில் வழுக்கி விழுந்து போமாண்ட் இறந்தார். ஓட்டை வயிற்றுக்காரன் அவருக்குப் பிறகும் 27 வருடம் வாழ்ந்தான்.

1880-ல் அலெக்ஸி இறந்தபோது, பிற்காலத்தில் பெரும் புகழ்பெற்ற மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் அந்த இரைப்பையை வாஷிங்டனின் ராணுவ மருத்துவ அருங்காட்சியகத்துக்கு வாங்கிவிட முயன்றார். குடும்பத்தார் என்ன செய்தார்கள் தெரியுமா? நான்கு நாள் உடலை வெயிலில் அழுக விட்டார்கள். எவனும் தோண்டக்கூடாது என்று எட்டடி ஆழத்தில் புதைத்து மேலே கல் அடுக்கினார்கள். நாற்றம் தாங்காமல் சவப்பெட்டியைத் தேவாலயத்துக்குள் கொண்டுபோக முடியவில்லை, வெளியே வைத்துத்தான் பூசை நடந்தது என்கிறார்கள். எனக்கு இது காட்டுமிராண்டித்தனமாகத் தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் விரல் நுழைந்த ஒரு ஜன்னலை, கடைசியில் அந்த வீட்டார் இழுத்துச் சாத்தினார்கள்.

*

ஜன்னல் வழியாகத் தெரிந்தது ஒரு பகுதிதான். பிற்பாடு மற்றவர்கள் நிரப்பினார்கள். வாயிலேயே எச்சில் மாவுச்சத்தை உடைக்கத் தொடங்குகிறது. இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும், 1836-ல் ஷ்வான் கண்டுபிடித்த பெப்சினும் சேர்ந்து புரதத்தைப் பிரிக்கின்றன. இரைப்பை பிசைந்து பிசைந்து கூழாக்கிச் சிறுகுடலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுகிறது. அங்கே கல்லீரலின் பித்தநீர் கொழுப்பைச் சிறு துளிகளாக உடைக்க, கணைய நீர் மிச்சத்தைக் கரைக்கிறது. சத்து ரத்தத்தில் கலப்பது பெரும்பாலும் சிறுகுடலில்தான். நாம் வயிறு வயிறு என்று கொண்டாடும் இரைப்பை உண்மையில் ஒரு முன்கூடம்.

ஆனால் அந்த முன்கூடத்தில் ஒரு புதிர் உண்டு. மாட்டிறைச்சியை இரண்டு மணி நேரத்தில் கரைக்கிற திரவம் இரைப்பையை ஏன் கரைக்கவில்லை? அதுவும் இறைச்சிதானே? விடை: உட்சுவரின் மேல் சளி போன்ற ஒரு பூச்சு, அதில் அமிலத்தை முறிக்கும் காரப்பொருள், சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் செல்கள். இந்தக் காவல் எங்கேயாவது உடைந்தால் அமிலம் சுவரை அரிக்கும். அதுதான் அல்சர்.

காவல் ஏன் உடைகிறது? இங்கேதான் சாபம் திரும்பி வருகிறது.

அலெக்ஸி குடித்த நாட்களில் அவன் இரைப்பைச் சுவர் சிவந்து புண்பட்டிருப்பதை போமாண்ட் பார்த்திருந்தார். வயிற்றுக் கோளாறுகளுக்குப் பெருந்தீனியும் குடியும் காரணம் என்று அவர் உபதேசமும் செய்தார். பிறகு பாவ்லோவ் நாய்களின் வயிற்றில் செயற்கையாக ஜன்னல் வைத்து, உணவைப் பார்த்தாலே, மணத்தாலே இரைப்பை நீர் சுரக்கிறது என்று காட்டினார். 1904-ல் நோபல் பரிசு. 1940-களில் நியூயார்க்கில் டாம் என்று மட்டும் அறியப்பட்ட ஒருவர். சிறுவயதில் கொதிக்கும் சூப்பைக் குடித்து உணவுக்குழாய் அடைபட்டு, வயிற்றில் போட்ட துளை வழியாகச் சாப்பிட்டு வாழ்ந்தவர். அவர் கோபப்பட்டால் இரைப்பை சிவந்தது, பயந்தால் வெளுத்தது. எல்லாம் உண்மையான கண்டுபிடிப்புகள். ஆனால் அவற்றிலிருந்து எடுத்த முடிவு அவசரமானது: அல்சர் வந்தவன் கவலைப்படுகிறவன், கோபக்காரன், வேளைக்குச் சாப்பிடாதவன். அமெரிக்காவில் அது வேலை டென்ஷன் மிகுந்த மேனேஜர்களின் நோய் என்று பேரெடுத்தது. வைத்தியம் ஓய்வும் மணிக்கொருதரம் பாலும். மனோதத்துவ மருத்துவர்கள் அல்சர்காரனின் அடிமனதைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

அதே காலத்தில் தெற்கே வேறொரு காட்சி. 1922 எவரெஸ்ட் முயற்சியில் கலந்துகொண்ட ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல், மலையிலிருந்து இறங்கி இந்தியாவைச் சுற்றிப் பார்க்கும்போது நெய்யூருக்கு வந்தார். அன்று தென் திருவிதாங்கூர், இன்று கன்னியாகுமரி மாவட்டம். லண்டன் மிஷன் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்த கூட்டத்தைப் பார்த்து, லண்டன் வேலையை விட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். அவர் ஆயிரக்கணக்கில் அறுவை செய்தது சிறுகுடல் தொடக்கத்தில் வரும் அல்சருக்கு. யாருக்கு? மேனேஜர்களுக்கல்ல. மரவள்ளிக் கிழங்கைத் தின்று வயலில் வேலை செய்த ஏழைகளுக்கு.

குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் எலிகளை வைத்து இதைச் சோதித்தார். சப்பாத்தி, பால், காய்கறி கொண்ட வடநாட்டுச் சாப்பாடு கொடுத்த எலிகள் நன்றாக இருந்தன. திருவிதாங்கூர் ஏழைகளின் மரவள்ளிச் சாப்பாடு கொடுத்தவற்றில் கால்வாசிக்கும் மேற்பட்டவைக்கு இரைப்பையில் புண். உணவில் காரணத்தைத் தேடியது நியாயம்தான், சத்தில்லாத சாப்பாடு உடம்பின் காவலைக் குலைக்கும். ஆனால் ஊர் வாய்க்கு வந்தபோது அந்தக் கேள்வி சுருங்கிப் பழியாகிவிட்டது. 'காரம் ஜாஸ்தி தின்னுருப்பே.' 'நேரத்துக்குச் சாப்பிட்டிருக்க மாட்டே.'

என் அம்மா இதைப் பத்து வருஷம் கேட்டாள். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மூன்று மணிக்குச் சாப்பிடுகிறவள். "நீயாத்தான் வயித்தக் கெடுத்துக்கிட்ட"ன்னு பரிமாறப்பட்டவங்களே சொன்னாங்க. ஜெலுசில் பாட்டில் அடுப்படி அலமாரியில் உப்பு டப்பா பக்கத்தில் நிரந்தரமாக இருக்கும். மிளகாயை நிறுத்தினாள், டீயை நிறுத்தினாள். வலி நிற்கவில்லை. தான் ஏதோ சரியாகச் செய்யவில்லை என்றுதான் அவளும் நம்பினாள்.

*

1979-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற நோயியல் மருத்துவர் இரைப்பைச் சதைத் துணுக்கு ஒன்றை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, சளிப் பூச்சுக்குக் கீழே வளைந்த பாக்டீரியாக்கள் மொய்த்திருந்தன. இரைப்பை அமிலத்தில் எதுவும் உயிரோடு இருக்காது என்பது அன்றைய பாடம். 1954-ல் அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் துணுக்குகளைச் சோதித்துவிட்டு, அங்கே பாக்டீரியா இல்லை என்றே எழுதியிருந்தார்கள். வாரனைப் பெரும்பாலானோர் கண்டுகொள்ளவில்லை. 1981-ல் பாரி மார்ஷல் என்ற பயிற்சி மருத்துவர் அவரோடு சேர்ந்தார்.

கிருமியை ஆய்வகத்தில் வளர்க்கப் பார்த்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட முயற்சிகள் தோல்வி. வழக்கப்படி இரண்டே நாளில் தட்டுகளைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் மறந்துபோய் ஐந்து நாள் கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால் வளர்ந்திருந்தது! மெதுவாக வளரும் கிருமி, அவ்வளவுதான் விஷயம். இன்று அதன் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொண்டு வாழும் சாமர்த்தியம் அதற்கு உண்டு.

சக மருத்துவர்கள் நம்பவில்லை. கிரேக்க மருத்துவர் லிகூதிஸ் 1958 முதலே ஆன்டிபயாடிக் கொடுத்து அல்சரைக் குணப்படுத்தி, அதற்குப் பரிசாக அபராதம் வாங்கியிருந்தார். அமிலத்தைக் குறைக்கும் சிமெடிடின் 1976-ல் சந்தைக்கு வந்து சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. மாத்திரையை நிறுத்தினால் புண் திரும்பும், திரும்பினால் மறுபடி மாத்திரை. மார்ஷலால் விலங்குகளில் நிரூபிக்க முடியவில்லை. 1984-ல் கிருமிகளைக் கலக்கித் தானே குடித்துவிட்டார். சில நாளில் குமட்டல், வாந்தி, வாய் நாற்றம். எண்டோஸ்கோப்பியில் இரைப்பை அழற்சியும் கிருமியும் தெரிந்தன. அல்சர் வரும்வரை காத்திருக்கவில்லை, மருந்து எடுத்துக்கொண்டார். 1994-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் அல்சர் நோயாளிக்குக் கிருமி இருந்தால் ஆன்டிபயாடிக் தரவேண்டும் என்றது. 2005-ல் வாரனுக்கும் மார்ஷலுக்கும் நோபல் பரிசு.

மார்ஷலின் வீரம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அலெக்ஸியைப் படித்தபின் அந்தக் குவளையில் இன்னொன்றும் தெரிகிறது. ஆராய்ச்சி செய்கிறவரே ஆராயப்படும் உடம்பாகவும் இருப்பது ஒரு வசதி. எப்போது நிறுத்த வேண்டும் என்று மார்ஷல் தானே முடிவு செய்ய முடிந்தது. பெருக்கல் குறி போட்டவனுக்கு, ஓடிப்போவது ஒன்றுதான் நிறுத்துகிற வழி.

கிருமி இருக்கிற எல்லாருக்கும் அல்சர் வருவதில்லை. வலி மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்குவது இன்னொரு பெரிய காரணம். புகை ஆறவிடாது. காரமும் பட்டினியும் இருக்கிற புண்ணை எரியவைக்கலாம். நெஞ்செரிச்சல் எல்லாமே அல்சரும் இல்லை. ஆனால் இந்தக் கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே, நெருக்கமான வீடுகளில், ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது. சுத்தமான தண்ணீரும் கொஞ்சம் இடமும் கிடைத்த நாடுகளில் தலைமுறைக்குத் தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது. அப்படியானால் நெய்யூர் ஆஸ்பத்திரி வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களில் பலர் எந்த நாவல் கனியையும் மிதிக்கவில்லை. ஏழையாகப் பிறந்திருந்தார்கள். அவர்கள் குடித்த தண்ணீரையும் படுத்த அறையையும் விட்டுவிட்டு, தட்டில் இருந்த மிளகாயை எண்ணிக்கொண்டிருந்தோம்.

அம்மாவுக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் ஒரு இளம் டாக்டர் பயாப்ஸி எடுக்கச் சொன்னார். கிருமி இருந்தது. பதினான்கு நாள் மாத்திரை. இப்போது வத்தக்குழம்பு சாப்பிடுகிறாள், மூன்று மணிக்குத்தான்.

காயசண்டிகையின் பசி ஒரு பிடிச் சோற்றில் தீர்ந்தது. மணிமேகலை அவளிடம் என்ன தப்பு செய்தாய் என்று விசாரித்துவிட்டுச் சோறு போடவில்லை, போட்டபிறகுதான் கதை வந்தது. உங்கள் வீட்டிலும் யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு 'அல்சர்'னு சொன்னால், நேரத்துக்குச் சாப்பிட்டியான்னு கேட்காதீங்க. டெஸ்ட் எடுத்தாச்சான்னு கேளுங்க. அப்படியே, அன்னைக்கு அவங்க சாப்பிட்டாங்களான்னும் பாருங்க.